ஆவணியில் தொடங்கும் ஆண்டு: திருகோணமலை வளவுகளுக்கான வீட்டுத்தோட்ட வழிகாட்டி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழி பிறந்த ஊர்களில் ஆடி என்றால் ஆற்றில் புதுவெள்ளம். திருகோணமலையில் ஆடி என்றால் கச்சான் காற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் அனலாக நம் பக்கம் இறங்கும் காற்று அது. நான் முதன்முதலாகப் பாத்தி கட்டிய ஆண்டில் பழமொழியை நம்பி ஆடி நடுவில் கத்தரியும் மிளகாயும் நட்டேன். காலையும் மாலையும் கிணற்றுநீர் ஊற்றினேன். பத்தே நாளில் இலைகள் ஓரம் கருகி, தண்டு சுருங்கிப் போயின. பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மண்ணுக்கு ஆவணியில்தான் ஆண்டு பிறக்கும். அதுவரை எருவைச் சேர்த்து வையுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 1600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வறண்ட வலயம் என்று பெயர் பெற்ற ஊருக்கு இது குறைவான மழையே அல்ல. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஜூன் மாதத்தில் சில ஆண்டுகளில் ஒரு நல்ல மழைகூட இருக்காது. ஆகவே இங்கே தோட்டம் செய்வது என்பது மூன்று மாத நீரை மண்ணுக்குள் இறக்கி, மிச்ச ஒன்பது மாதமும் அதைக் காப்பாற்றும் வேலை. எந்தச் செடி, எந்தப் பூ என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன்: மண்ணும் கிணறும்

ஒரே மாவட்டத்துக்குள் மண் அடிக்கு அடி மாறுகிறது. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரமாகப் போனால் மணல். உள்ளே போகப் போகச் செம்மண். தம்பலகாமம், மூதூர் பக்கத்து வயல் சார்ந்த வளவுகளில் களி. உங்கள் மண் எது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்துக் கையில் உருட்டுங்கள். உருளாமல் உதிர்ந்தால் மணல். உருண்டு, கயிறுபோல நீட்டவும் வந்தால் களி. இரண்டுக்கும் நடுவே நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அடுத்து ஓர் அடி ஆழக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடியும் நிரப்பி நேரம் பாருங்கள். சில நிமிடங்களில் இறங்கிவிட்டால் அந்த மண்ணுக்கு எருவும், சருகோ வைக்கோலோ பரப்பிய மூடுபடையும்தான் உயிர். மறுநாளும் நீர் நின்றால், மாரியில் அந்த இடத்தில் நீங்கள் நடும் எதுவும் அழுகும். அங்கே மேட்டுப்பாத்தி தவிர வேறு வழியில்லை.

கிணற்றுநீரை ஒரு முறை மாரியிலும் ஒரு முறை ஆனியிலும் நாவில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகளில் நன்னீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நீரியல் கணக்கின்படி கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும். மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் அதே கணக்கில் உப்பு கீழிருந்து ஏறிவரும். கோடையில் மோட்டரைத் தொடர்ந்து ஓடவிட்டுத் தோட்டம் முழுவதும் பாய்ச்சுகிறவர், தன் கிணற்றை மட்டுமல்ல, அயல் வளவுக் கிணறுகளையும் உப்பாக்குகிறார். கரையோரத்தில் கால் மணி நேரம் இறைத்து, நீர் ஊற விட்டு, மறுபடி இறையுங்கள்.

ஆவணி, புரட்டாசி: ஆண்டின் மிகப் பெரிய வேலை

ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரையிலான இந்த இரண்டு மாதங்களில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் அடுத்த ஆடி வரை கூடவே வரும். சில மாலைகளில் மேற்கே இடி முழங்கி ஒரு பாட்டம் மழை பெய்யும். அந்த ஈரம் மண்வெட்டி இறங்குவதற்குப் போதும்.

முதலில் பாத்தி. மணல் வளவில் பாத்தியை உயர்த்தாதீர்கள். தரை மட்டத்திலோ, நான்கு விரல் தாழ்வாகவோ அமையுங்கள். உயர்ந்த மணல் பாத்தி, ஓட்டைச் சட்டிபோல் நீரைக் கீழே விட்டுவிடும். களிமண்ணில் இதற்கு நேர்மாறு. முக்கால் அடியாவது உயர்த்தி, இரண்டு பாத்திகளுக்கு இடையே ஓர் அடி வாய்க்கால் விடுங்கள். அகலம் எங்கும் மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை எட்டினால் பாத்திக்குள் கால் வைக்கும் தேவை இராது. மிதிபடாத மண்தான் மழையை உள்ளே வாங்கும்.

அடுத்தது எரு. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் மாடும் எருமையும் நிறைந்த பட்டிகள் இருப்பது நம் மாவட்டத்தின் செல்வம். மாட்டெருவை வாங்கிப் பச்சையாகப் போடாதீர்கள். மூன்று மாதமாவது மக்க வேண்டும். மக்கிய எருவைக் கிளறும்போது விரல் பருமனில் வெண்புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். அவற்றில் பல, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் பிள்ளைகள். மணல் பாத்தியில் ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு வாளி அளவு எருவை மேல் அரை அடி மண்ணோடு கலந்துவிடுங்கள். இந்தத் தாராளம் வீண் அல்ல. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு ஊரெல்லாம் தவித்தபோது, எருக்குழி வைத்திருந்த வளவுகள் தலைநிமிர்ந்து நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

மீன் கழிவும் நமக்குக் குறையாத பொருள். அதைப் பாத்தியில் ஆழமில்லாமல் புதைத்தால் நாய் கிளறும். ஓர் அடிக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். அல்லது மீன் கழிவுக்குச் சம எடை வெல்லமோ பனங்கட்டியோ சேர்த்து, மூடி தளர்ந்த வாளியில் நிழலில் மூன்று, நான்கு கிழமை வையுங்கள். வடித்தெடுக்கும் சாற்றை ஒரு லீற்றர் நீருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். முதல் கிழமை நாற்றம் பொறுக்க முடியாது. அதன்பின் புளித்த வாசம்தான்.

மரம் நட இருப்பவர்கள் குழியை இப்போதே வெட்டி வெயில்பட விடுங்கள். தேசிக்கும் மாதுளைக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. தென்னைக்கும் மாவுக்கும் மூன்றடி. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை இரண்டு வரிசை அடுக்கி, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்புங்கள். பொச்சு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். பொச்சுமட்டையை வீட்டு முற்றத்தில் எரிக்கும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. எரிவது அடுத்த கோடைக்கான தண்ணீர்.

புரட்டாசி பிறந்ததும் நாற்றுமேடை. மேடையை நனைத்து, கண்ணாடிபோன்ற பொலித்தீனால் இறுக மூடி இரண்டு கிழமை வெயிலில் விட்டால், மண்ணுக்குள் இருக்கும் நோய்ப் பூஞ்சணங்களும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். வைக்கோலை மேலே பரப்பி எரிப்பது பழைய முறை. அதுவும் பலிக்கும். பிறகு கத்தரி, மிளகாய், கறிமிளகாய், தக்காளி விதைகளை வரிசையாகத் தூவி, மெல்லிய மண்ணிட்டு, ஓலையால் நிழல் கட்டுங்கள். நான்கு, ஐந்து கிழமையில் நாற்று நடத் தயாராகும். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். இந்தப் பொருத்தத்துக்காகத்தான் புரட்டாசி.

விதை விடயத்தில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஓர் ஆண்டு நகரத்துக் கடையொன்றில் அழகான படம் போட்ட வெண்டி விதைப் பொட்டலங்கள் வாங்கினேன். பத்துக்கு இரண்டுகூட முளைக்கவில்லை. பொட்டலத்தின் காலாவதித் திகதியின் மேல் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் பருவம் திரும்பி வரவில்லை. திகதியைப் பாருங்கள். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து முளைப்பைச் சோதியுங்கள். பத்தில் ஏழு விதையாவது முளைக்காவிட்டால் அந்த விதை வேண்டாம். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்களான ஹரித வெண்டி, எம்.ஐ.2 மிளகாய், தின்னவேலிக் கத்தரி போன்றவற்றின் விதையை அடுத்த ஆண்டுக்கு நீங்களே எடுத்துவைக்கலாம். கலப்பின விதையில் அது பலிக்காது. ஐயம் வந்தால் கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேளுங்கள். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

மழைக்கு முன் வெட்டும் வேலை ஒன்று மிச்சம். காய்த்து ஓய்ந்த மாமரத்தில் உட்கிளைகளை நீக்கி வெளிச்சம் விடுங்கள். முருங்கையை நிலத்திலிருந்து மூன்று, நான்கு அடியில் துணிந்து வெட்டுங்கள். வெட்டாத முருங்கை கார்த்திகைக் காற்றில் தானே முறியும். கூரைக்கு மேல் சாய்ந்த கிளை, காய்ந்த தென்னோலை, முற்றிய குலை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கூரைப்பீலியில் சேர்ந்த சருகையும் வழித்தெடுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 2300 லீற்றர் நீர். தொட்டி கட்ட வசதி இல்லையென்றாலும், பீலி நீரைத் தென்னையைச் சுற்றிய பொச்சுக் குழிக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போதும்.

ஐப்பசி: பொறுத்து நடுங்கள்

முதல் மழை விழுந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். எட்டு மாதம் காய்ந்த மண்ணிலிருந்து முதல் இரண்டு மழைக்கு ஆவிதான் எழும். மண்வெட்டியால் கிளறிப் பாருங்கள். ஈரம் ஒரு சாண் இறங்கியிருந்தால்தான் நாற்றை இறக்க வேண்டும். அது பெரும்பாலும் ஒக்டோபர் கடைசியில் அமையும்.

நாற்றை மாலையில் நடுங்கள். கத்தரிக்கும் வெண்டிக்கும் வரிசைக்கு வரிசை மூன்றடி, செடிக்குச் செடி இரண்டடி. மிளகாய்க்கு இரண்டடி, ஒன்றரை அடி. நடும்போது நெருக்கமே அழகாகத் தெரியும். ஆனால் மார்கழி ஈரத்தில் காற்றோட்டம் இல்லாத செடியில் பூஞ்சணம் குடியேறும். பயிற்றை, பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றை நேரடியாக விதைத்து, கொடி வீசும் முன்பே பந்தலைக் கட்டிவிடுங்கள். மரவள்ளித் தடியும் வற்றாளைக் கொடியும் இந்த மாதத்தில் எங்கே செருகினாலும் பிடிக்கும். இவை இரண்டும் ஆடியில் உங்களுக்குச் சோறு போடும் பயிர்கள். ஓரமாகவாவது கட்டாயம் வையுங்கள்.

தென்னம்பிள்ளை, மா, தேசி, கொய்யா, வேம்பு, பூவரசு என்று எந்த மரமானாலும் ஐப்பசி, கார்த்திகையில் நடுங்கள். ஒரு முழு மாரியை வேருக்குள் வாங்கிய மரம்தான் முதல் கச்சானைத் தாங்கும். தையில் நட்ட மரத்துக்கு நீங்கள் ஏழு மாதம் வாளி சுமக்க வேண்டும். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி என்பதை மட்டும் குறைக்காதீர்கள்.

செவ்வரத்தை, நந்தியாவட்டை, கடதாசிப்பூ ஆகியவற்றின் தடிகளும் இப்போதே வேர்விடும். புல்தரை போட விரும்புகிறவர்களுக்கும் இதுவே காலம். நிழல் உள்ள முற்றத்தில் மலேசியப் புல் வரும். வெயில் முற்றத்துக்கு அறுகுதான். அது ஆனியில் மஞ்சளாகிக் கிடந்தாலும் அடுத்த மழைக்கு எழுந்துவிடும்.

கார்த்திகை, மார்கழி: காத்து நிற்கும் காலம்

இந்த இரண்டு மாதங்களில் நடுவதற்கு அதிகம் இல்லை. மழையில் குடையோடு வளவைச் சுற்றி வந்து, நீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது என்று பாருங்கள். அந்தக் காட்சியை வேறு எந்த மாதத்திலும் காண முடியாது. ஒரு தாளில் குறித்து வைத்தால் அடுத்த ஆவணியில் வாய்க்காலை எங்கே வெட்டுவது என்று தெரியும். பாத்தியில் நீர் ஒரு பகலுக்கு மேல் நிற்கக் கூடாது. பப்பாசியும் முருங்கையும் இரண்டு நாள் நீரில் நின்றாலே வேரழுகிச் சாயும்.

1964 டிசம்பரிலும் 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவியின்போதும் புயல் நம் கரையில்தான் ஏறியது. கார்த்திகை பிறந்தாலே வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய ஊர் இது. எச்சரிக்கை வந்தால் தொங்கு சாடிகளை இறக்கி வீட்டுக்குள் எடுங்கள். குலை தள்ளிய வாழைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். பப்பாசியின் பெரிய இலைகளில் பாதியை வெட்டிவிடுங்கள். காற்றுக்குப் பிடி குறைந்தால் மரம் தப்பும். புயலுக்குப் பின் சாய்ந்த இளமரத்தை ஈரம் காயும் முன், இரண்டு நாளுக்குள் நிமிர்த்திக் கட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நத்தையும் மயிர்க்கொட்டியும் மழையோடு வரும். பெரிய ஆபிரிக்க நத்தையை இருட்டிய பின் டோர்ச் வெளிச்சத்தில் தேடி, கையில் பொலித்தீன் உறை போட்டுப் பொறுக்கி, உப்புநீர் வாளியில் போடுங்கள். ஒரு கிழமை விடாமல் செய்தால் போதும். முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பியிருக்கும் மயிர்க்கொட்டிக்குப் பந்தம் காட்டுவதை விட, நீளத் தடியில் துணி சுற்றிச் சவர்க்கார நீரில் தோய்த்து வழித்தெடுப்பது மரத்துக்கு நல்லது.

டெங்குவைச் சொல்லாமல் இந்தப் பருவத்தைக் கடக்க முடியாது. 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட துயரம் எவருக்கும் மறந்திராது. பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய ரயர், அடைபட்ட பீலி என்று நீர் நிற்கும் எதையும் கிழமைக்கு ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள். ரயரில் செடி வைக்கும் ஆசை இருந்தால் முதலில் அதன் அடியில் துளையிடுங்கள். தோட்டம் செய்கிறவரின் வளவில் நுளம்பு பெருகக் கூடாது.

வேலியோரத்தில் யாரும் நடாமலே கார்த்திகைப்பூ ஏறி நிற்கும். பிடுங்க மனம் வராத அழகு. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. வற்றாளை போடும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வளர விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் காட்டிச் சொல்லி வையுங்கள்.

தை, மாசி: கை நிறையும் காலம்

மழை ஓய்ந்து வாடை வீசும் இந்த இரண்டு மாதங்களில் திருகோணமலைத் தோட்டத்துக்கு ஈடு இணையில்லை. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைக்க உங்கள் வளவுப் பூசணியும் கரும்பும் வாழைக்குலையும் இருக்கும். கீரையை 25 நாளில் பிடுங்கி மறுபடியும் தூவலாம். தக்காளிக்கு இரண்டாவது நடுகை, சின்ன வெங்காயம், முள்ளங்கி எல்லாம் இப்போது வரும். காயைப் பறிக்கத் தாமதிக்காதீர்கள். வெண்டியை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்தால்தான் அது தொடர்ந்து காய்க்கும்.

வெயில் ஏற ஏறப் பூச்சி ஏறும். கத்தரிக் குருத்து வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள். அது இரண்டு கிழமை தவறினால் புழு காய்க்குள் போய்விடும். வெண்டி இலை நரம்பு மஞ்சளாகப் பின்னினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். மிளகாய் இலை சுருண்டால் பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ காரணம். வேப்பங்கொட்டைத் தூள் 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். கிழமைக்கு ஒரு முறையாக மூன்று முறை. பாகலும் புடோலும் விரலளவு இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிவிட்டால் பழ ஈ முட்டையிட முடியாது. கடையில் விற்கும் எந்தக் கிருமிநாசினியையும் விட இந்தக் கடதாசிப் பையில்தான் எனக்கு நம்பிக்கை.

மாமரம் பூக்கும் காலமும் இதுவே. மழை நின்றதிலிருந்து பிஞ்சு பயறளவு ஆகும் வரை மரத்துக்கு நீர் ஊற்றாதீர்கள். அந்த வாட்டம்தான் பூவைக் கொண்டுவருகிறது. பிஞ்சு பிடித்த பின் கிழமைக்கு ஒரு முறை நன்றாக ஊற்றுங்கள்.

பங்குனி, சித்திரை: மூடிவைக்கும் வேலை

மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும். காய்ந்த பின் மூடினால் காய்ச்சலைத்தான் மூடுகிறீர்கள். மாசி முடிவதற்குள் ஒவ்வொரு மரத்தின் அடியிலும், பாத்திகளின் மேலும் நான்கு விரல் கனத்துக்கு உலர்ந்த வாழைச்சருகு, தென்னோலைத் துண்டு, வைக்கோல், களைச்செடி எதையாவது பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். ஒட்டினால் கறையான் ஏறும்.

அடுத்து, எந்தச் செடியை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். இதுதான் தோட்டக்காரருக்கு மனம் நோகும் வேலை. நம் வெயிலில் ஒரு சதுர மீற்றர் பாத்தி நாளொன்றுக்கு 5, 6 லீற்றர் நீரைக் குடிக்கும். பத்துச் சதுர மீற்றருக்கு 60 லீற்றர். உங்கள் கிணறும் உங்கள் தோளும் நாள்தோறும் எத்தனை வாளி தருமோ, அத்தனை சதுர மீற்றர்தான் உங்கள் கோடைத் தோட்டம். மிச்சத்தை அறுவடை செய்து, விதை எடுத்து, மூடுபடையின் கீழ் உறங்க விடுங்கள். முழுத் தோட்டத்தையும் அரைத் தாகத்தில் வைத்திருப்பதால் எதுவுமே தேறாது. முற்றிய நல்ல காயின் விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள்.

வைகாசி முதல் ஆடி வரை: கச்சான்

நிழலில் 35 பாகை தாண்டும் நாட்கள். காற்று மேற்கிலிருந்து வருவதால் மறைப்பும் மேற்கில்தான் வேண்டும். பாத்தியின் மேற்குப் பக்கத்தில் கிடுகோ பழைய சாக்கோ நாலடி உயரத்துக்குக் கட்டினாலே நீர்ச்செலவு கண்கூடாகக் குறையும். நிரந்தரமாக வேண்டுமானால் அடுத்த மழையோடு அந்த ஓரத்தில் கிளுவையும் அகத்தியும் நட்டு வளர்த்துவிடுங்கள்.

காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் ஊற்றுங்கள். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிக்காமல், மரங்களுக்குக் கிழமைக்கு ஒரு முறை, வேர் இருக்கும் ஆழம் வரை. அடியில் ஊசித்துளை இட்ட பிளாஸ்டிக் போத்தலையோ சுடுமண் பானையையோ மரத்தருகே கழுத்தளவு புதைத்து நிரப்பினால், ஒரு சொட்டும் காற்றுக்குப் போகாது. அரிசி, காய்கறி கழுவிய நீர் அடுப்படி ஓரத்து வல்லாரை, பொன்னாங்காணி, பசளிப் பாத்திக்குப் போகட்டும். கோடை முழுவதும் இலைக்கறிக்கு அது ஒன்றே போதும். கறிவேப்பிலையும் முருங்கையும் அகத்தியும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மரவள்ளியைத் தேவைக்கு ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள். கடதாசிப்பூவுக்கு நீரே ஊற்றாமல் விடுங்கள். தாகத்தில்தான் அது முழுக்கப் பூக்கும். புல் மஞ்சளாவதைக் கண்டு வருந்த வேண்டாம். அதை உயரமாக விட்டு, வெட்டாமல் இருங்கள்.

இப்போது வெட்டக் கூடாது, பசளை போடக் கூடாது, நடக் கூடாது. செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை கூட்டெரு. மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்கு உலர்ந்த சருகு, பச்சை இலை, மாட்டெரு என்று மாறி மாறி அடுக்கி, நனைத்து, ஓலையால் மூடுங்கள். பிடித்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை புரட்டுங்கள். ஆனியில் அடுக்கியது புரட்டாசிக்குத் தயார்.

கடலைப் பார்த்த வளவு

கடலிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பகை. முதலில் கரையில் இயற்கையாகப் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் அழகுக்காகச் சுத்தம் செய்யாதீர்கள். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. மணலைக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதன் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பூவரசும் புன்னையும், அவற்றின் மறைவில் தென்னை, கடைசியாக வீட்டையொட்டிக் காய்கறி. இந்த வரிசை மாறினால் கத்தரி இலை ஓரம் கருகியே இருக்கும். பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, இலைகளை நல்ல நீரால் ஒரு முறை கழுவிவிடுங்கள்.

வேலி

எல்லாம் செய்தும் ஓர் இரவில் தோட்டம் மொட்டையாகலாம். நகரத்தில் பிரெட்ரிக் கோட்டையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் புள்ளிமான்கள் வீதிக்கு வருகின்றன. கட்டாக்காலி மாடுகள் எங்கும் உண்டு. கோணேசர் மலைப்பக்கம் குரங்கு. வெளிக் கிராமங்களில் பன்றியும் யானையும்.

மானை விரட்டவோ கல்லெறியவோ கூடாது. அவை இந்த நகரத்தின் பழைய குடிகள். அவற்றை உள்ளே விடாமல் வைப்பது நம் பொறுப்பு. மான் நாலடி வேலியைத் தாண்டும். ஆறடி வேண்டும். அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு அது எளிதில் தாவாது. ஆகவே கம்பி வேலியைவிட, கிடுகால் அடைத்த வேலி நன்று. மாட்டுக்குக் கிளுவைக் கதியாலை நெருக்கமாக நட்டு, இடையில் இரண்டு வரி முள்ளுக்கம்பி இழுத்தால் போதும். கதியாலை ஆவணியில் வெட்டி, நிழலில் ஒரு கிழமை சாத்திவைத்து, முதல் மழையோடு ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். குரங்குக்கு வேலி பயனில்லை. பழத்தை முற்றியதும் பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். வாழைக்குலையைச் சாக்கால் மூடிக் கட்டுங்கள். படலையை மட்டும் நாள்தோறும் இருட்டும் முன் நீங்களே போய்ச் சாத்துங்கள். பிள்ளைகளிடம் விடாதீர்கள். என் வளவில் மாடு புகுந்த மூன்று முறையும் படலை திறந்தே கிடந்தது.